பழைய சீட்டுகளும் பழைய நினைவுகளும்



ஆண்டுவிழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதி அனுப்புமாறு சங்கச் செயலாளர் பணித்தார். யான் புலவன் அல்லேன். பத்தாம் வகுப்புத் தேறிச் சென்னையில் இருப்புப்பாதை அலுவலகம் ஒன்றில் எழுத்தனாகப் பணிபுரிபவன். தண்டவாளமே இல்லாத நம் தீவில் பிறந்தவன், தண்டவாளத்தையே நம்பிப் பிழைக்கின்றேன். நாள்தோறும் என் கையில் புரள்வன சீட்டுகளே. ஆதலின் சீட்டுகளின் வரலாற்றையே எழுதத் துணிந்தேன்.

யான் முதலிற் கூறப்போவது பயணச் சீட்டைப்பற்றி அன்று. அமெரிக்க நாட்டில் கூடைப்பந்து ஆடுவோரின் உருவம் பொறித்த சிறு படச் சீட்டுகள் உண்டு. அவற்றுள் பழையனவற்றைச் சந்தை கூட்டி விற்கின்றனர். அச்சந்தைகளில் குறைந்த விலைக்கு நல்ல சீட்டு அகப்படுமா என்று முதியோரும் இளைஞரும் மேசை மேசையாகத் தேடித் திரிகின்றனர். உள்ளங்கையளவு அட்டைக்கு இத்தனை ஆரவாரமா என்று முதலில் யானும் நகைத்தேன். அதன் வரலாற்றைப் படித்தபின் நகைப்பு அடங்கியது. நம் வீட்டு டிரங்குப் பெட்டிகளைப்பற்றிய கவலை பிறந்தது. அக்கவலையைத் தங்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சிகரெட்டுப் பெட்டியில் பிறந்தவை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிகரெட்டுகளை மெல்லிய தாளுறைகளில் அடைத்து விற்றனர். உறை நசுங்கினால் சிகரெட்டும் ஒடிந்துபோகும். அதனைத் தடுக்கத் தடித்த அட்டைத் துண்டு ஒன்றை உள்ளே செருகினர். வெறும் அட்டையாக இருப்பானேன், அதில் ஒரு படம் அச்சிட்டால் வாங்குவோர் மகிழ்வாரே என்று வணிகர் எண்ணினர். 1880களில் அமெரிக்காவின் ரிச்மண்டு நகரத்து ஆலன் அண்டு ஜின்டர் கம்பெனியார் இவ்வாறு படச் சீட்டுகளை வெளியிட்டனர். இங்கிலாந்தில் வில்ஸ் கம்பெனியார் 1896ஆம் ஆண்டில் கிரிக்கெட்டு வீரர் ஐம்பதின்மர் படங்களை வரிசையாக வெளியிட்டனர். நவநகர் அரசர் ரஞ்சித்சிங்ஜியின் உருவமும் அக்காலத்துச் சிகரெட்டுச் சீட்டுகளில் இடம்பெற்றது. இரண்டாம் உலகப் போரின்போது தாள் தட்டுப்பாடு நேர்ந்தமையால் 1940இல் பிரித்தானியாவில் இச்சீட்டுகள் நின்றன.

ஒன்றை ஈண்டு நினைவிற் கொள்ளல் வேண்டும். எவரும் பாதுகாத்து வைக்கவேண்டும் என்று இவை அச்சிடப்படவில்லை. உறையை நிமிர்த்தி நிறுத்துவதே இவற்றின் தொழில். தொழில் முடிந்ததும் குப்பைக்குச் செல்வதே இவற்றுக்கு விதித்த வழி. தந்தையர் சிகரெட்டைப் புகைத்தனர். பிள்ளைகள் சீட்டை எடுத்துக்கொண்டனர். பிள்ளைகளின் கைக்குச் சென்றவை மட்டுமே பிழைத்தன.

கூடைப்பந்து வீரர் சீட்டுகள்

கூடைப்பந்து ஆட்டத்தைக் கண்டவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் உடற்பயிற்சி ஆசிரியர். 1891ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில், பீச்சுப் பழக்கூடைகள் இரண்டை மேல்மாடத்துக் கைப்பிடியில் மாட்டி இவ்வாட்டத்தைத் தொடங்கினார். அந்நிறுவனத்தில் பயின்ற ஹாரி குரோ பக் என்பவரே பின்னர்ச் சென்னைக்கு வந்து, 1920இல் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியை நிறுவினார். நம் பிள்ளைகள் பள்ளித் திடலில் ஆடும் பந்துக்கும் அந்தப் பழக்கூடைக்கும் இவ்வாறு ஓர் உறவு உண்டு.

சிகரெட்டின் இடத்தைப் பின்னாளில் சூயிங்கம் பிடித்துக்கொண்டது. சில காசுக்குக் கம் வாங்கினால் உள்ளே வீரர் படம் இருக்கும். 1933ஆம் ஆண்டில் கௌடி கம்பெனியார் பல விளையாட்டுகளின் நாயகர் படங்கள் நாற்பத்தெட்டினை வெளியிட்டபொழுது, கூடைப்பந்து வீரர் சிலரும் அவற்றுள் இடம்பெற்றனர். கூடைப்பந்துக்கென்றே தனி வரிசையைப் போமன் கம்பெனியார் 1948இல் வெளியிட்டனர். அதிற் சீட்டுகள் எழுபத்திரண்டு. ஆறடி பத்தங்குல உயரமுள்ள ஜார்ஜ் மைக்கன் என்னும் பெருவீரரின் படம் அவ்வரிசையில் 69ஆம் எண் கொண்டது.

ஆயினும் அந்நாளில் அமெரிக்க மக்கள் பேஸ்பாலை விரும்பிய அளவு கூடைப்பந்தை விரும்பவில்லை. சீட்டுகள் விலைபோகவில்லை. அடுத்த வரிசை வர ஒன்பது ஆண்டுகள் ஆயின. 1957இல் டாப்ஸ் கம்பெனியார் எண்பது சீட்டுகள் வெளியிட்டனர். பில் ரஸ்ஸல் என்னும் புகழ்மிக்க வீரரின் முதற் சீட்டு அதில் 77ஆம் எண். அதுவும் விலைபோகவில்லை. 1961இல் ஃபிளீர் கம்பெனியார் அறுபத்தாறு சீட்டுகள் வெளியிட்டுக் கையைச் சுட்டுக்கொண்டனர். பிறகு 1969இல்தான் டாப்ஸ் கம்பெனியார் மீண்டும் தொடங்கினர்.

விலைபோகாத சீட்டை எவரும் போற்றுவதில்லை. பிள்ளைகள் அவற்றை மிதிவண்டிச் சக்கரத்துக் கம்பிகளில் செருகிப் படபடவென ஒலிக்கச் செய்தனர். ரப்பர் வளையம் இட்டுக் கட்டினர், ஓரம் நைந்தது. கல்லூரிக்கோ படைக்கோ அவர்கள் சென்றபின் தாய்மார் அறையைப் பெருக்கிச் சீட்டுப் பெட்டியைக் குப்பையில் எறிந்தனர். ‘என் தாய் அவற்றை எறிந்துவிட்டாள்’ என்பது அந்நாட்டு முதியோர் பலரிடம் கேட்கும் பெருமூச்சு. அன்று விலைபோகாமையால் அச்சிட்டது குறைவு; மதியாமையால் எஞ்சியது அதனினும் குறைவு. இன்று அவை அரிய பொருளானமைக்குக் காரணம் இதுவே.

கடலிற் கொட்டிய பெட்டிகள்

கடல் சூழ வாழும் நமக்கு வியப்பூட்டும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. டாப்ஸ் கம்பெனியில் சை பெர்கர் என்னும் அலுவலர் இருந்தார். 1952ஆம் ஆண்டின் பேஸ்பால் சீட்டு வரிசையை உருவாக்கியவர் அவரே. அவ்வாண்டின் பிற்பகுதியில் அச்சிட்ட சீட்டுகள் பெட்டி பெட்டியாக விற்காமல் தங்கிவிட்டன. பொருட்காட்சிகளில் அடிமாட்டு விலைக்குக் கொடுத்தும் பார்த்தார், கொள்வார் இல்லை. இறுதியில் 1960இல், கிடங்கில் இடம் வேண்டுமென்று, அவற்றை ஒரு தெப்பப் படகில் ஏற்றி அட்லாண்டிக்குக் கடலிற் கொட்டியதாக அவரே பின்னாளிற் கூறியுள்ளார். அவ்வரிசையைச் சேர்ந்த மிக்கி மேன்டில் என்னும் வீரரின் சீட்டு ஒன்று, ஏறத்தாழப் பழுதற்றது, 2022ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் ஒரு கோடியே இருபத்தாறு இலட்சம் டாலருக்கு ஏலம்போயிற்று. அவர் கொட்டியபொழுது அது குப்பை. மீன்கள் தின்ற பிறகு அது பொன்.

கூடைப்பந்திலும் இவ்வாறே நிகழ்ந்தது. 1986இல் ஃபிளீர் கம்பெனியார் வெளியிட்ட 132 சீட்டுகளுள் 57ஆம் எண் மைக்கேல் ஜோர்டான் என்னும் வீரருடையது. பன்னிரண்டு சீட்டு கொண்ட உறை அன்று 40 சென்டுதான். கடைகளில் உடனே விற்றுத் தீரவுமில்லை. குற்றமற்ற நிலையிலுள்ள அந்த ஜோர்டான் சீட்டு 2021ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் 7,38,000 டாலருக்கு விற்றது. அவ்வாண்டே அவ்விலை வெகுவாக இறங்கியும் விட்டது என்பதையும் சொல்லுதல் முறை. பேராசையால் உச்ச விலைக்கு வாங்கியோர் கையைப் பிசைந்தனர்.

இதன் மறுபுறத்தையும் காண்போம். பழைய சீட்டுக்கு மதிப்புண்டு என்று நாட்டார் அனைவரும் அறிந்துகொண்டபின், 1980களின் இறுதியிலும் 1990களின் தொடக்கத்திலும் கம்பெனிகள் கணக்கின்றி அச்சிட்டுத் தள்ளின. மக்களும் எதிர்காலச் செல்வம் என்று பெட்டி பெட்டியாகப் பூட்டி வைத்தனர். ஒருவரும் எறியவில்லை. ஆகவே இன்றும் அவற்றுட் பெரும்பாலானவற்றுக்கு விலையில்லை. எறியப்பட்டவற்றுள் எஞ்சியது உயர்ந்தது. போற்றிப் பூட்டப்பட்டது தாழ்ந்தது. உலகியல் இவ்வாறு விசித்திரமாய் இருக்கின்றது.

சந்தையில் மலிவு தேடுவோர்

அமெரிக்காவில் இச்சீட்டுகளுக்கெனத் தேசியப் பெருஞ்சந்தை 1980இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் முதன்முதலாகக் கூடியது. அதற்கு முன்னாண்டு, 1979இல், ஜேம்ஸ் பெக்கெட் என்னும் புள்ளியியல் அறிஞர் விலைப் பட்டியல் நூல் ஒன்றை வெளியிட்டார். 1991 முதல், சீட்டின் நிலையை ஆராய்ந்து ஒன்று முதல் பத்து வரை மதிப்பெண் இட்டுக் கண்ணாடி போன்ற உறையில் அடைத்துத் தரும் நிலையங்களும் தோன்றின. விலை ஊரறிந்த செய்தியாயிற்று. எளிதில் மலிவு கிடைக்கும் காலம் மறைந்தது.

எனினும் மலிவு தேடுவோர் ஓயவில்லை. அவர்தம் வழிகள் நம் அபர்தீன் பஜாரில் காய்கறி வாங்கும் தாய்மார் வழிகளே. முழுப் பழம் விலை மிகுதி எனின், சிறிது கனிந்த பழத்தைப் பொறுக்குவர் அல்லரோ? அதுபோல மூலை மழுங்கிய சீட்டையும், நடுவில் மடிப்பு விழுந்த சீட்டையும் அவர்கள் தேடுவர். வீரரும் அவரே, ஆண்டும் அதுவே. விலை மட்டும் பத்தில் ஒரு பங்கு. பெரும்புகழ் பெறாத வீரர் சீட்டுகளை விற்போர் ஒரு பெட்டியில் கொட்டி, எதை எடுத்தாலும் ஒரே விலை என்பர். பொறுமையுள்ளவன் மணிக்கணக்காய் நின்று அப்பெட்டியைத் துழாவுவான். சந்தையின் கடைசி நாள் மாலையில், மூட்டையைத் திரும்பச் சுமக்க மனமில்லாத வணிகன் விலையிறக்குவான் என்பதும் அவர்கள் அறிவர். ஒன்றுக்குப் பேரம் பேசுவதைவிடப் பத்துக்குச் சேர்த்துப் பேசுவதே ஆதாயம் என்பதும் அவர்கள் கண்ட முறை.

ஏமாறுவோரும் உண்டு. மழுங்கிய ஓரத்தைக் கத்தரித்து நேராக்கிப் புதிதுபோல் விற்பர். அளந்து பார்த்தால் சீட்டு சிறுத்திருக்கும். பிற்காலத்து மறு அச்சை முதலச்சு என்பர். பூதக்கண்ணாடியால் அச்சுப் புள்ளிகளை ஒப்பிட்டால் வேறுபாடு தெரியும். ஆகவே மலிவு என்பது நாவன்மையால் வருவதன்று; அறிவால் வருவது. விற்பவன் அறியாத ஒன்றை வாங்குபவன் அறிந்திருந்தால்தான் மலிவு கிட்டும். இக்கருத்தைத் தாங்கள் மனத்திற் கொள்ளுமாறு வேண்டுகின்றேன். பின்னர் இதற்கு மீண்டும் வருவேன்.

சென்னை மூர் மார்க்கெட்டு

நம் நாட்டில் கூடைப்பந்துச் சீட்டுச் சந்தை இல்லாவிடினும், பழந்தாள் தேடும் வேட்கை புதியதன்று. சென்னை மாநகராட்சித் தலைவர் சர் ஜார்ஜ் மூர் 1898இல் அடிக்கல் நாட்ட, 1900இல் திறக்கப்பட்டது மூர் மார்க்கெட்டு. சென்ட்ரல் நிலையத்தை அடுத்துச் செங்கல் நிறத்தில் ஓங்கி நின்ற அம்மாளிகையில் பழைய நூல், பழைய இசைத்தட்டு, நாணயம், அஞ்சல்தலை யாவும் கிடைத்தன. கல்லூரி மாணவரும் பேராசிரியரும் அருகருகே குந்தியமர்ந்து நூல் தேடினர் என்று முதியோர் சொல்லக் கேட்டுள்ளேன். அஞ்சல்தலை சேர்ப்போர் ஒன்றுகூடித் தென்னிந்திய அஞ்சல்தலைச் சேகரிப்போர் சங்கத்தைச் சென்னையில் 1956இல் தோற்றுவித்தனர்.

1985ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் மூர் மார்க்கெட்டு தீக்கிரையாயிற்று. எத்தனை ஆயிரம் தாள்கள் அன்று சாம்பலாயின என்று கணக்கிட்டார் இலர். கடைக்காரர்க்குப் பின்னர் அருகிலேயே அல்லிக்குளத்தில் வேறிடம் கிடைத்தது. பழைய இடத்தில் இருப்புப்பாதைத் துறையின் கட்டடம் எழுந்தது. புறநகர் வண்டிகள் புறப்படும் அந்நிலையத்துக்கு இன்றும் மூர் மார்க்கெட்டு வளாகம் என்றே பெயர். அவ்வழியே யான் நாள்தோறும் அலுவலகம் செல்கின்றேன். பழந்தாள்கள் எரிந்த மண்ணின்மேல் நடக்கின்றோம் என்னும் நினைவு எழும்.

நம் தீவின் தாள்கள்

இனி நம் தீவுக்கு வருவோம். 1858ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் டாக்டர் வாக்கர் தலைமையில் இருநூறு கைதிகள் வந்திறங்கியதிலிருந்து போர்ட் பிளேரின் அண்மைக்கால வரலாறு தொடங்குகின்றது. 1896 முதல் 1906 வரை எழுப்பிய செல்லுலார்ச் சிறையின் ஏழு சிறகங்களுள் மூன்றே இன்று நிற்கின்றன. அங்கு அடைபட்டிருந்த சாவர்க்கருக்கு வீட்டுக்கு மடல் எழுத ஆண்டுக்கு ஒருமுறையே இசைவு கிடைத்தது. ஆண்டுக்கு ஒரு மடல்! அத்தகைய தாளின் மதிப்பை எந்த ஏலக்காரன் கூற வல்லான்?

1942ஆம் ஆண்டு மார்ச்சு 23ஆம் நாள் ஜப்பானியர் இத்தீவுகளைக் கைப்பற்றினர். இங்கிருந்த இந்திய அஞ்சல்தலைகளின்மேல் புதிய மதிப்பெண்களைக் குத்தி வழங்கினர். அத்தலைகள் இன்று உலகெங்கும் சேகரிப்போர் தேடும் அரும்பொருள்கள். 1943 டிசம்பர் 30ஆம் நாள் நேதாஜி இங்கு மூவண்ணக் கொடி ஏற்றினார். ஆசாத் இந்து அரசுக்கென அதே 1943இல் பெர்லின் அரசாங்க அச்சகத்தில் தலைகள் அச்சிடப்பட்டன. ஆயினும் அவை அஞ்சலில் ஒருநாளும் வழங்கவில்லை. 1944 ஜனவரி 30ஆம் நாள் ஹம்ஃபிரிகஞ்சில் 44 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். 1945 அக்டோபரில் ஆட்சி மாறுமுன், தம் காலத்து ஆவணங்களை ஜப்பானியர் எரித்துவிட்டனர். ஆகவே அம்மூன்றரை ஆண்டுகளின் துயரத்தை அறிய, மக்கள் நினைவும் அவரவர் வீட்டில் தப்பிய தாள்களுமே பெருந்துணையாயின.

அதன் பின்னர் நம்மவர் வந்த வரலாறும் இவ்வாறே தாள்களிற் சிதறிக் கிடக்கின்றது. மரவேலைக்கும் துறைமுக வேலைக்கும் சாலை வேலைக்கும் தமிழ் மாவட்டங்களிலிருந்து வந்தோர் உண்டு. பர்மாவிலிருந்து திரும்பி இங்கு அமர்ந்தோர் உண்டு. 1964 அக்டோபர் 30ஆம் நாள் சாஸ்திரியாரும் சிறிமாவோ அம்மையாரும் கையொப்பமிட்ட உடன்படிக்கையின் பயனாய், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து தலைமன்னார் வழியே இராமேசுவரம் வந்திறங்கியோருள் ஒரு பகுதியினர், கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியேறினர். தாயகம் திரும்பியோர் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் அட்டை வழங்கப்பட்டது. குடும்ப அட்டை என்று அதற்குப் பெயர். அமெரிக்கச் சிறுவன் கையில் இருந்தது வீரனின் படம். நம் பாட்டியின் கையில் இருந்தது தன் பிள்ளைகளின் பெயரும் வயதும் எழுதிய அட்டை. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கச்சாலைத் தாக்கியபொழுது, மக்களும் மனைகளும் போயினமை போல அத்தகைய தாள்களும் போயின.

எஞ்சியவற்றுக்கும் இங்குப் பகை உண்டு. ஆண்டுக்கு ஏறத்தாழ 3000 மில்லிமீட்டர் மழை பொழியும் ஊர் நம் ஊர். ஈரமும் பூஞ்சணமும் கறையானும் தாளை விடுவதில்லை. ஆயினும் ஈரத்தைவிடக் கொடிய பகை ஒன்றுண்டு. அதனை என் வாழ்விலிருந்தே கூறுவேன்.

போகியன்று யான் செய்தது

என் தந்தையார் சென்னையிலிருந்து கப்பலேறி இங்குக் கூலி வேலைக்கு வந்தவர். எழுதப் படிக்க அறியார். எழுத்தறியாதவர் ஆதலால் எழுத்துள்ள தாள் எதனையும் எறிய அஞ்சுவார். கப்பற் சீட்டு, கூலிச் சீட்டு, ரேஷன் சீட்டு, ஊரிலிருந்து பிறர் எழுதித் தாமும் பிறரைக்கொண்டு படித்தறிந்த அஞ்சலட்டை அனைத்தையும் ஒரு டிரங்குப் பெட்டியில் அடுக்கி வைத்திருந்தார். அவர் காலமான மறு ஆண்டு, பொங்கல் விடுப்பில் யான் ஊர் வந்தேன். போகியன்று வீட்டைத் தூய்மை செய்யப் புகுந்து, அப்பெட்டியைத் திறந்தேன். பூஞ்சணம் பூத்த கட்டுகள். மூக்கைப் பொத்திக்கொண்டு முற்றத்து நெருப்பில் இட்டேன். அம்மா அடுக்களையில் இருந்தார்கள். வெளியே வந்து பார்த்தபொழுது சாம்பலே இருந்தது. ஒன்றும் சொல்லவில்லை. அப்பெட்டியைத் துடைத்துக் கவிழ்த்து வைத்தார்கள். அவ்வளவே.

ஆண்டுகள் சில சென்றன. சென்னையில் அஞ்சல்தலையும் நாணயமும் பழந்தாளும் விற்கும் கண்காட்சி ஒன்றுக்கு நண்பர் ஒருவர் அழைத்துச் சென்றார். அங்கு ஒரு மேசையின் கீழ், எதை எடுத்தாலும் ஐம்பது ரூபாய் என்று எழுதிய அட்டைப்பெட்டி இருந்தது. துழாவினேன். பழைய சினிமாப் பாட்டுப் புத்தகங்களுக்கும் தீப்பெட்டிப் படங்களுக்கும் இடையே ஒரு கப்பற் சீட்டு. சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு, பங்க் வகுப்பு. எம்.வி. நன்கௌரி என்னும் கப்பலின் பெயர். நம்முள் பலரைச் சுமந்துவந்த அக்கப்பலை அறியாதார் யார்? அதனோடு போர்ட் பிளேர் அஞ்சல் முத்திரை பதிந்த அஞ்சலட்டைகள் இரண்டு. தமிழில் எழுதியவை. ‘மழை விடவில்லை, மீன் மலிவு, பணம் அடுத்த கப்பலில் வரும்’ என்னும் பொருளில் யாரோ ஒருவர் தம் மனைவிக்கு எழுதியிருந்தார்.

விற்பவர் வட நாட்டவர். அவருக்குத் தமிழ் தெரியாது. முத்திரை தெளிவாக இல்லை, ஆதலால் மலிவுப் பெட்டியில் போட்டேன் என்றார். மூன்றுக்கும் சேர்த்து நூற்றுக்குக் கேட்டேன்; கொடுத்தார். முன்னர்க் கூறியபடி, விற்பவன் அறியாததை வாங்குபவன் அறிந்திருந்தமையால் மலிவு கிட்டிற்று. அவர் முத்திரைக்கு விலை வைத்தார். யான் செய்தியைப் பெற்றேன். வெற்றி பெற்றவன்போல் வெளியே வந்தேன். பேருந்தில் அமர்ந்தபின்தான் உறைத்தது. இதுபோன்ற நூறு தாள்களை என் வீட்டு முற்றத்தில் விலையின்றிக் கொளுத்தியவன் யானே அன்றோ?

அடுத்த விடுப்பில் அச்சீட்டைக் கொணர்ந்து அம்மாவிடம் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்கள். “இது உங்க அப்பாவுடைய சீட்டு இல்லையேப்பா” என்றார்கள். “இல்லையம்மா, அதே கப்பல்” என்றேன். திரும்பவும் பார்த்தார்கள். “அவர் வந்த அன்றைக்குக் கடல் சரியில்லையாம், மூன்று நாளும் சோறு இறங்கவில்லையாம்” என்று தொடங்கி, யான் அதுவரை கேட்டிராத செய்திகளை விளக்கு வைக்கும்வரை சொல்லிக்கொண்டே இருந்தார்கள். எவரோ ஒருவரின் சீட்டு என் தந்தையின் பயணத்தை எனக்குத் திருப்பித் தந்தது. அச்சீட்டு இன்று அந்த டிரங்குப் பெட்டியில் தனியே இருக்கின்றது.

நாம் செய்யத்தக்கவை

அன்பர்களே! யான் தங்களைச் சீட்டு வணிகம் செய்யத் தூண்டவில்லை. ஜோர்டான் சீட்டைப்போல் நம் தாள்கள் இலட்சங்களுக்கு விற்கும் என்று ஆசை காட்டவும் இல்லை. சந்தையில் நம் தாள்களுக்கு ஐம்பது ரூபாய் விலை, அவ்வளவே. ஆனால் ஐம்பது ரூபாய்ச் சரக்கென்று கருதி நாம் எறிவதை மீண்டும் ஐம்பது இலட்சம் கொடுத்தும் பெறல் இயலாது. டாப்ஸ் கம்பெனி கடலிற் கொட்டிய சீட்டுக்கு வேறு பிரதிகள் உலகில் இருந்தன. நம் பாட்டன் பெயர் எழுதிய கப்பற் சீட்டு ஒன்றே ஒன்று.

ஆதலின் சில சொல்வேன். மழை ஓய்ந்த ஒரு நாளில் தங்கள் பெட்டிகளைத் திறந்து பாருங்கள். தாள்களை நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் இட்டால் மை வெளுக்கும். கிழிந்ததைப் பசை நாடாவால் ஒட்டற்க. நாளடைவில் அது மஞ்சளித்துத் தாளையே தின்றுவிடும். ரப்பர் வளையமும் இரும்பு ஊசியும் ஆகா. தூய வெண்தாள் உறையில் இட்டு, ஈரமேறாத பெட்டியில் தரைக்கு மேலாக வையுங்கள். உறையின் புறத்தே, இது யாருடையது, எந்த ஆண்டு, எந்தக் கப்பல் என்று பென்சிலால் எழுதுங்கள். கைப்பேசியால் படமெடுத்துத் தாய்நிலத்திலுள்ள உறவினர்க்கும் அனுப்புங்கள். ஓரிடத்தில் நீரோ நெருப்போ வந்தாலும் மற்றோரிடத்தில் தங்கும். எல்லாவற்றினும் மேலாக, சீட்டைக் கையிற் கொடுத்து முதியோரைப் பேசச் செய்யுங்கள். வெறுங்கையோடு கேட்டால் ‘என்ன சொல்வது’ என்பார்கள். தாளைக் கண்டால் தாமே சொல்வார்கள்.

2024 செப்டம்பரில் நம் நகரின் பெயர் ஸ்ரீ விஜயபுரம் என்று மாறியது. போர்ட் பிளேர் என்று அச்சிட்ட சீட்டும், முத்திரை பதிந்த அட்டையும், இனி ஒவ்வோர் ஆண்டும் அரியனவாகும். நாளை எங்கோ ஒரு கண்காட்சியில், மேசையின் கீழுள்ள பெட்டியைத் துழாவும் ஒருவன், நம் வீட்டுத் தாளை மலிவாகக் கண்டெடுத்து மகிழ்வான். அவன் மகிழ்வதில் எனக்கு வருத்தமில்லை. அவன் எடுக்கும் தாளில் யார் பெயர் உள்ளது என்று நம் பிள்ளைகளுக்குத் தெரியாமற் போகுமே என்பதுதான் என் வருத்தம்.

சங்கம் இசைந்தால், அடுத்த ஆண்டுவிழாவில் மண்டபத்தின் ஓரத்தில் ஒரு மேசை இடலாம். ஒவ்வொரு குடும்பமும் ஒரே ஒரு பழந்தாளைக் கொணர்ந்து ஒருநாள் மட்டும் வைக்கட்டும்; மாலையில் எடுத்துச் செல்லட்டும். விற்பனை இல்லை, பேரம் இல்லை. அம்மேசையில் வைக்க என்னிடம் என் தந்தையின் தாள் ஒன்றும் இல்லை. யாரோ ஒருவரின் நன்கௌரிக் கப்பற் சீட்டைக் கொணர்வேன். அதனைத் தம்முடையது என்று அடையாளம் காண்பவர் எவரேனும் வந்தால், கேட்ட மாத்திரத்தில் கொடுத்துவிடுவேன்.

வாழ்க தமிழ்! வளர்க சங்கம்!